தையல் பிரிக்கும் முன் கையெழுத்தா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குறுவை அறுவடையின்போது நெல் மூட்டை ஏற்றி வந்த வேன் மோதி, என் தம்பிக்கு வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. பிளேட் வைத்த இடத்தில் தையல் பிரிப்பதற்குள், வண்டி உரிமையாளர் தரப்பினர் 40,000 ரூபாயையும், ‘இனி எந்தப் பாத்தியதையும் கோர மாட்டேன்’ என்று தட்டச்சு செய்த முத்திரைத்தாளையும் கட்டில் ஓரம் கொண்டுவந்து வைத்தார்கள். சம்பா நடவுக்குப் பணம் தேவைப்பட்ட நேரம் என்பதால் அவன் பேனாவைக் கையில் எடுத்தேவிட்டான், நான்தான் தடுத்தேன்.

பிளேட்டை எடுக்க இன்னொரு அறுவைச் சிகிச்சை வருமா, சேற்றில் இறங்கி நாற்றுப் பறிக்கும் அளவுக்குக் கால் மடங்குமா என்பதை மருத்துவரே உறுதியாகச் சொல்ல இயலாத நிலையில், ஊனத்தின் சதவீதச் சான்று வாங்குமுன் உரிமையை எழுதிக்கொடுப்பது எப்படிச் சரியாகும்? அதே நேரம், 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் இழப்பீட்டு மனுவுக்கு 6 மாத வரம்பு வைத்திருப்பதால், பேசிக்கொண்டே நாளைக் கடத்தவும் கூடாது. மக்கள் நீதிமன்றத்தில் சமரசமாக முடிப்பது நல்ல வழிதான். ஆனால் அந்தத் தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது.

மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு மூலம் பெண்கள், பட்டியல் சாதியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோர் இலவசமாக வழக்கறிஞரைப் பெறலாம். இவ்விவரத்தை டெல்டா மாவட்டங்களின் நெல் கொள்முதல் நிலையங்களிலும் அரசு மருத்துவமனை எலும்பு முறிவு வார்டுகளிலும் பெரிய எழுத்தில் எழுதி வைக்குமாறு மாவட்ட நிர்வாகங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மன்னார்குடி