பனித்தளம் இருக்கட்டும், பிள்ளைகள் படுக்க இடம் உண்டா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கனடாவின் கியூபெக் நகரில் நடக்கும் சர்வதேசச் சிறுவர் ஐஸ் ஹாக்கிப் போட்டியைப் பற்றிய தங்கள் கட்டுரையைப் படித்தேன். கீ லாஃப்லெர், வெய்ன் கிரெட்ஸ்கி, மாரியோ லெமியூ என்று அங்கே சிறுவர்களாக ஆடிப் பின்னால் பெரும்புகழ் பெற்றவர்களைப் பட்டியல் போட்டுவிட்டு, தமிழகத்துக்கு ஐஸ் ஹாக்கி ஆட ஒரு பனித்தளம் எப்போது வரும் என்று கேட்டு முடித்திருந்தீர்கள்.

நான் தருமபுரி மாவட்டத்துக்காரி. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்துபோய், ஒகேனக்கல்லிலிருந்து காவிரியைக் குழாயில் கொண்டுவந்த மாவட்டம் இது. அதன் பிறகும் கோடையில் குடத்தோடு காத்துக் கிடக்கும் தெருக்கள் உண்டு. அறுபது மீட்டர் நீளத்துக்குத் தண்ணீரை உறைய வைத்து, அது உருகாமலிருக்க இரவு பகலாக இயந்திரம் ஓட்ட வேண்டுமென்று இங்கே யாரும் ஏங்கவில்லை. பனிதான் வேண்டுமென்றால் லடாக்கில் இருக்கிறது. அங்கே குளிர்காலத்தில் குளங்கள் தாமாகவே உறைகின்றன. அந்த மண்ணின் பெண்களை நம்பித்தான் இந்திய மகளிர் ஐஸ் ஹாக்கி அணி 2025இல் ஆசியக் கோப்பையில் வெண்கலம் வாங்கியது. செலவழிக்கக் காசு இருந்தால் அவர்களுக்கே கொடுக்கட்டும்.

எனக்குப் பிடித்த செய்தி தங்கள் கட்டுரையில் ஒரே வரியில் போய்விட்டது. வெளியூர்ச் சிறுவர்கள் பலர் உள்ளூர்க் குடும்பங்களின் வீடுகளில் தங்குகிறார்கள் என்பதே அந்த வரி.

1960இல் தொடங்கிய போட்டி. ஆடுகிறவர்கள் பதினொன்று, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள். வழக்கமாக நடப்பது பிப்ரவரியில். கியூபெக்கில் அது எலும்பை நடுக்கும் குளிர். மொழி தெரியாத ஊரில் வந்து இறங்கும் பிள்ளையை யாரோ ஒரு வீட்டார் காரில் ஏற்றிக்கொண்டு போய்ச் சோறு போட்டு, ஈரக் கையுறையை உலர்த்திக் கொடுத்து, மறுநாள் ஆட்டத்துக்குக் கொண்டுவந்து விட்டு, கைதட்டவும் உட்காருகிறார்கள். வேலைகளைப் பார்ப்பவர்களிலும் பெரும்பாலோர் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். இடைவேளையில் பிள்ளைகள் அணிச் சின்னம் பொறித்த பின்களை மாற்றிக்கொள்வதும் அங்கே ஒரு திருவிழா. 2023இல் போரால் சிதறிப்போன உக்ரைன் சிறுவர்களை ஓர் அணியாகத் திரட்டி அங்கே கொண்டுவந்தபோதும் கியூபெக் குடும்பங்கள்தாம் வீட்டுக் கதவைத் திறந்தன. முதல் ஆட்டத்திலேயே அந்தப் பிள்ளைகள் அமெரிக்க அணி ஒன்றை 3-1 என்று வென்றார்கள்.

தங்கள் பட்டியலில் விடுபட்ட ஒரு பெயரையும் சொல்லிவிடுகிறேன். மனோன் ரெயோம் 1984இல் அந்தப் போட்டியில் பையன்களுக்கு நடுவே கோல்கீப்பராக நின்ற முதல் சிறுமி. 1992இல் வட அமெரிக்காவில் ஆண்கள் ஆடும் தேசிய ஹாக்கி லீக்கின் (என்.எச்.எல்.) அணியொன்றுக்காக, தொடர்க் கணக்கில் சேராத காட்சி ஆட்டத்திலும் இறங்கினார். நட்சத்திரங்களைப் பற்றி எழுதும்போது இவரை எப்படி மறந்தீர்களோ!

இப்போது நம் கதைக்கு வருகிறேன். என் மகள் ஓட்டப்பந்தய வீராங்கனை. குறுவட்டப் போட்டி, வருவாய் மாவட்டப் போட்டி என்று அவளோடு நானும் அலைகிறேன். ஒருமுறை மலைக்கிராமப் பள்ளியின் பெண் பிள்ளைகள் முந்தின நாள் மாலையே வந்து சேர்ந்திருந்தார்கள். விடியற்காலையில் அவர்கள் ஊரிலிருந்து பஸ் கிடையாது. வகுப்பறையில் பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு, புத்தகப் பையைத் தலைக்கு வைத்துப் படுத்திருக்கிறார்கள். கழிப்பறைச் சாவி வாட்ச்மேனிடம், வாட்ச்மேன் வீட்டில். நாங்கள் காலையில் போய்ச் சேர்ந்தபோது ஒருத்தி மற்றவளுக்குத் துப்பட்டாவை விரித்து மறைவு பிடிக்க, அவள் சீருடை மாற்றிக்கொண்டிருந்தாள். டீயும் பன்னும் உடற்கல்வி ஆசிரியை கைக்காசில் வாங்கிக் கொடுத்தவை. அந்த வயிற்றோடு எண்ணூறு மீட்டர் ஓட்டம். பள்ளிக்கு எதிரே ஒரு கல்யாண மண்டபம், முகூர்த்தமில்லாத நாள், பூட்டிக் கிடந்தது.

நம் ஊர்க்காரர்கள் கருமிகள் அல்ல. பாதயாத்திரை போகிறவர்களுக்கு வழிநெடுக நீர்மோர்ப் பந்தல் போடுகிறோம், முன்பின் தெரியாதவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து அன்னதானம் செய்கிறோம். விளையாட வரும் பிள்ளை மட்டும் யாருக்கோ பாரமாகிவிடுகிறது. "அதெல்லாம் பள்ளிக்கூடத்து வேலை" என்கிறார்கள்.

பெண் பிள்ளைகளை முன்பின் அறியாத வீட்டில் எப்படித் தங்க வைப்பது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி, நானும் பெண்ணைப் பெற்றவள். எந்த வீட்டிலும் ஒரு பிள்ளையைத் தனியாக விட வேண்டாம். இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து, கூடவே அவர்களுடைய ஆசிரியையும் தங்கட்டும். போட்டி நடக்கும் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோர்களின் வீடுகளிலிருந்து தொடங்கலாம். அதற்கும் மனம் ஒப்பவில்லையென்றால், முகூர்த்தமில்லாத நாளில் ஓர் இரவுக்கு மண்டபத்தைத் திறந்துவிட எத்தனை உரிமையாளர்கள் மறுப்பார்கள்? இதுவரை யாரும் போய்க் கேட்டதாக நான் கேள்விப்படவில்லை. மாவட்ட அளவில் யாராவது ஒரு பட்டியல் எடுத்தால் போதும். பனித்தளத்துக்கு ஆகும் மின்கட்டணத்தில் ஒரு துளி கூட ஆகாது.

பட்டியல் எடுப்பவர்கள் எங்கள் வீட்டை முதலில் எழுதிக்கொள்ளட்டும். மாடி அறையில் மூன்று பிள்ளைகளும் ஆசிரியையும் தாராளமாகப் படுக்கலாம், குளியலறைக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறது. ஓடப் போகிற வயிற்றுக்கு ராகிக்களி கனம் என்று ஆசிரியை சொன்னால் இட்லி ஊற்றித் தருகிறேன்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
அரூர், தருமபுரி மாவட்டம்.