ஒரு ஆளுக்கு எதற்கு ‘மீல்ஸ்’?

அன்புள்ள வள்ளி,

வந்திருந்தபோது காரைக்குடியில் ஓட்டல் வாசலில் ‘மீல்ஸ் ரெடி’ பலகையைப் பார்த்துவிட்டு உன் மகன் கேட்டானே, “ஐயா, ஒரு ஆள் சாப்பிடுவது ஒரு மீல்தானே, எதற்கு மீல்ஸ்?” என்று. பஸ் வந்த சாக்கில் மழுப்பிவிட்டேன். நேற்றுப் போனில் மறுபடி பிடித்துக்கொண்டான். இதைப் படித்துக் காட்டு.

அவன் சொல்வதுதான் சரி. ஆங்கிலத்தில் ஒரு வேளைச் சாப்பாடு ‘மீல்’. காலையில் இரண்டு இட்லி தின்றாலும் மீல்தான். நமக்கோ இலை போட்டுச் சோறு, குழம்பு, ரசம், மோர் என்று வரிசையாக வந்தால்தான் மீல்ஸ். இட்லி டிபனாகிவிடும். அந்த ‘டிபன்’ இந்தியாவில் இருந்த வெள்ளைக்காரர்கள் புழங்கிய சொல்.

‘ஃபுட்’ என்பது பொதுப்பெயர். அதை ஒன்று, இரண்டு என்று எண்ணுவதில்லை. வகைகளைச் சொல்லும்போது மட்டும் ‘ஃபுட்ஸ்’ வரும். மாட்டுத் தீவனமான ‘ஃபாடர்’, வளர்ப்புப் பிள்ளைக்குச் சொல்லும் ‘ஃபாஸ்டர்’ இரண்டும் அதே வேரில் கிளைத்தவை. ‘மீட்’ இருக்கிறதே, அது பழைய ஆங்கிலத்தில் எல்லாச் சாப்பாட்டுக்கும் பொது. பிறகுதான் இறைச்சியோடு நின்றுவிட்டது. பழைய பொருள் ‘ஸ்வீட்மீட்’ என்ற மிட்டாய்ப் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. உன் அத்தை அந்த எழுத்தைப் பார்த்துவிட்டு இனிப்புப் பெட்டியையே தொடமாட்டேன் என்றாளே! நாம் மட்டும் என்னவாம்? கறி என்றால் ஆட்டுக்கறி. கத்தரிக்காய் வாங்கினால் அது காய்கறி.

‘மீல்’ என்பதற்கு முன்பு அளவு, குறித்த நேரம் என்றெல்லாம் பொருள் இருந்தது. நாமும் ‘மூன்று வேளை’ என்று நேரத்தைச் சொல்லித்தானே சோற்றைக் குறிக்கிறோம்? அளவு என்றதும் உன் ஆத்தா வெள்ளைப் பணியாரத்துக்கு அளப்பது நினைவுக்கு வருகிறது. டம்ளரில் பச்சரிசியைத் தலை தட்டி, அதன் மேலேயே உளுந்தைக் கோபுரமாகக் குவிப்பாள். சரிந்து விழுகிற வரைக்கும்தான் கணக்கு. மாவை ஒரு கரண்டி எண்ணெயில் ஊற்றினால் அடியில் போய் மெல்ல எழும்பி வரும். ஓரம் சிவந்துவிட்டால் அந்தப் பணியாரம் எனக்கு. வெள்ளையாக வந்ததெல்லாம் விருந்தாளிக்கு.

ஒரு குறை. இப்போதெல்லாம் நீ போனை எடுத்ததும் “ஃபுட் ஆயிற்றா அப்பச்சி?” என்கிறாய். நம் வீடுகளில் காலையில் “பசியாறியாயிற்றா?” என்றுதானே கேட்போம்? சட்டியில் என்ன இருந்தது என்று கேட்கிற கேள்வியில்லை அது. வயிறு அடங்கியதா என்கிற விசாரிப்பு. பேரனுக்கு வேறெதுவும் வராவிட்டாலும் அந்தச் சொல்லைப் பழக்கு.

ஆத்தா கவுணி அரிசி ஒரு கிலோ கொடுத்தனுப்பியிருக்கிறாள். முதல் நாள் இரவே ஊற வை. இல்லாவிட்டால் குக்கரில் எத்தனை விசில் விட்டாலும் விறைத்துக்கொண்டுதான் நிற்கும்.

அன்புடன்,
அப்பச்சி