சோகிக் கொப்பி

அன்பு மகளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னதற்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. "எல்லாம் சரியாகும், நேரத்துக்குச் சாப்பிடு" என்று சொல்லி வைத்துவிட்டேன். அதன் பிறகு இரவு முழுக்க நித்திரை வரவில்லை. வாயால் சொன்னால் மறுபடியும் அதையேதான் சொல்வேன் என்று பயந்து எழுத உட்கார்ந்திருக்கிறேன். அப்பா கோணேசர் கோயிலுக்குப் போயிருக்கிறார். திரும்பும்போது கோட்டைக்குள் மான்களைப் பார்த்துக்கொண்டு நின்றுவிடுவார், வர மத்தியானமாகும். இங்கே வாடைக்காற்று தொடங்கிவிட்டது. யன்னலைச் சாத்தினால்தான் தாள் நிற்கிறது.

வேலை இருக்கிறது, வீடு வாங்கியாகிவிட்டது, நிரந்தர வதிவிடமும் கிடைத்துவிட்டது, மெல்பேர்னில் ஒரு குறையும் இல்லை, ஆனால் காலையில் எழும்ப மனம் வருவதில்லை என்றாய். அதைவிட எனக்குச் சுட்டது நீ அடுத்துச் சொன்னதுதான். "நீங்க அங்க காஸ் வரிசையில நிண்டனீங்க. எல்லாம் இருந்தும் இப்பிடிச் சொல்ல எனக்கு வெக்கமா இருக்கம்மா."

பெரியம்மாவிடம் இதைச் சொன்னேன். போதும் என்ற மனமே பொன் செய்யும் மருந்து, அதை அவளுக்கு எழுது என்றார். ஆசைக்கு அது நல்ல மருந்துதான், மறுக்கவில்லை. ஆனால் நீ இன்னொரு வீடு கேட்கவில்லை, கூடுதல் சம்பளமும் கேட்கவில்லை. உனக்கு இருப்பது பசி, மகள். பசித்திருக்கிற பிள்ளைக்குப் போதும் என்று நினை என்று எழுத என்னால் முடியாது.

சுனாமிக்குப் பிறகு நான் உளவளத்துணைப் பயிற்சிக்குப் போனது உனக்கு ஞாபகம் இருக்கும். உனக்கு அப்போது பதினொரு வயது. முதல் கிழமையே பலகையில் ஒரு முக்கோணம் வரைந்து அதை ஐந்து தட்டாகப் பிரித்துக் காட்டினார்கள். அடித்தட்டில் சாப்பாடு, தண்ணீர், நித்திரை. அதற்கு மேல் பாதுகாப்பு. பிறகு அன்பும் உறவும். பிறகு மதிப்பு. உச்சியில், ஒருவர் தன்னால் எப்படி ஆக முடியுமோ அப்படி ஆவது. ஆபிரகாம் மாஸ்லோ என்ற அமெரிக்க உளவியலாளர் 1943 இல் எழுதிய கருத்து இது. கீழ்த்தட்டு நிரம்பினால்தான் மனம் மேல்தட்டைத் தேடும் என்று விளங்கப்படுத்தினார்கள். எனக்கு அது புதிதாகவே படவில்லை. பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்று நம்மவர்கள் சொல்லாததா? அந்தப் பத்தில் முதலில் பறப்பது மானம்.

அதைப் பொய் என்று சொல்லமாட்டேன். தொண்ணூறாம் ஆண்டில் சண்டைக்குப் பயந்து நாங்கள் காட்டுக்குள் ஒளிந்திருந்த நாட்களில் என் தலைக்குள் சோற்றைத் தவிர வேறு நினைப்பு இருக்கவில்லை. அமெரிக்காவில் மின்னசோட்டாவில் 1945 இல் 36 இளைஞர்கள், போரில் பட்டினி கிடந்தவர்களை எப்படித் தேற்றுவது என்று கண்டறிவதற்காக, தாங்களாகவே முன்வந்து ஆறு மாதம் அரைவயிற்றோடு இருந்தார்கள். சிரிப்பும் சிநேகமும் குறைந்து, பேச்செல்லாம் சாப்பாடாகி, சிலர் சமையல் புத்தகங்களை வாங்கி வைத்து வாசித்தார்களாம். அதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமே வரவில்லை. காட்டுக்குள் நானும் மனதுக்குள் புட்டு அவித்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஆனால் பயிற்சியில் படித்ததோடு முகாமுக்குள் போனபோது வேறொன்றைக் கண்டேன். ஒரு பாடசாலை அது. வகுப்பறைக்கு ஐந்து ஆறு குடும்பம். மூன்று வேளையும் பார்சல் சோறு வந்துகொண்டிருந்தது, யாரும் பட்டினி இல்லை. ஒரு நாள் காலை, புருசனையும் வீட்டையும் கடலுக்குக் கொடுத்த ஒரு மனுசி பார்சலைக் கையில் வாங்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்: "டீச்சர், இதெல்லாம் வேணாம். அரிசியும் தேங்காயும் தாங்க. நாங்க சமைக்கிறம்." வந்த நாளிலிருந்து அவர் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. எங்கேயோ அலைந்து ஒரு திருவலையும் இரண்டு பெரிய பானையும் எடுத்துக் கொடுத்தோம். மாமரத்தின் கீழே திருவலையில் உட்கார்ந்து, பாதித் தேங்காயை இரண்டு கையாலும் பிடித்துத் திருவத் தொடங்கினார். ஓரத்திலிருந்து உள்ளே, கறுப்புத் தோல் விழாமல், மெதுவாகத் திருப்பித் திருப்பி. மூன்றாவது பாதியில் கை நின்றது. தேங்காயை மடியில் வைத்துக்கொண்டு ஓவென்று அழுதார். பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பெண்கள் எழும்பி வந்து அவரைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அழுது முடித்து, மூக்கைத் துடைத்துவிட்டு, மிச்சத்தையும் திருவினார். அன்றைக்கு அந்தப் பாடசாலையில் 17 குடும்பத்துக்குச் சொதி வைத்தது அவர்தான்.

நான் பத்து நாளாக அவருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து கதைக்கப் பார்த்தும் நடக்காதது அது. வீடு இல்லை, நாளைக்கு என்ன என்று தெரியாது. முக்கோணத்தின் கணக்குப்படி அவர் இன்னும் இரண்டாம் தட்டையே தாண்டவில்லை. ஆனால் தன் கையால் சமைக்க வேண்டும் என்பது அவருக்குச் சோற்றைவிடப் பெரிய தேவையாக இருந்தது.

அதற்குப் பிறகு நான் மாஸ்லோவைத் தேடிப் பிடித்து வாசித்தேன். அந்தக் கட்டுரையில் முக்கோணமே கிடையாது. அது பின்னால், மேலாண்மை பற்றி எழுதியவர்களால் பரவியது. இந்த வரிசை இறுக்கமானதல்ல, ஆளுக்கு ஆள் மாறும் என்று அவரே எழுதியிருக்கிறார். விளக்கத்துக்காக ஒரு கணக்கும் போட்டிருக்கிறார்: சாதாரண மனிதர் ஒருவருக்கு உடல் தேவை 85 சதவீதம் நிறைவேறியிருக்கும், பாதுகாப்பு 70, அன்பு 50, மதிப்பு 40, உச்சியில் உள்ளது 10 என்று வைத்துக்கொள்ளலாம் என்று. அளந்து கண்ட எண்கள் இல்லை. ஆனால் இதிலே பார், எல்லாத் தட்டும் ஒரே நேரத்தில் கொஞ்சம் கொஞ்சம் காலியாகத்தான் இருக்கிறது.

மாஸ்லோவுக்குப் படிப்பித்த ஹாரி ஹார்லோ என்பவர் 1958 இல் வெளியிட்ட ஒரு ஆய்வும் இருக்கிறது. தாயிடமிருந்து பிரித்த குரங்குக் குட்டிகளுக்கு இரண்டு பொம்மைத் தாய். ஒன்று வெறும் கம்பி, மற்றது மெத்தென்ற துணி சுற்றியது. பால் போத்தல் கம்பித் தாயிடம் இருந்தாலும், குட்டி பாலைக் குடித்துவிட்டு ஓடிவந்து துணித் தாயைத்தான் நாளெல்லாம் கட்டிக்கொண்டிருந்தது. அந்தக் குட்டிகளுக்குச் செய்தது பெரிய பாவம், எனக்கு அதை வாசிக்கவே நெஞ்சு அடைத்தது. ஆனால் அரவணைப்பு வயிறு நிரம்பிய பிறகு வரும் ஆடம்பரம் இல்லை என்பதை அதைவிடத் தெளிவாக யாரும் காட்டவில்லை.

ஆகவே வெட்கப்படாதே. முகாமில் அரிசியும் தேங்காயும் கேட்ட அந்த மனுசிக்கு இருந்த அதே பசிதான் உனக்கும். அவர் நன்றி கெட்டவர் என்று உனக்குத் தோன்றுமா?

எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் என்று இரண்டு உளவியலாளர்கள் மனதின் பசியை மூன்று தேவையாகச் சுருக்கிச் சொல்கிறார்கள், எனக்கு முக்கோணத்தைவிட இதுதான் கைகொடுத்திருக்கிறது. நான் செய்வது என் விருப்பத்தில் செய்வது என்ற உணர்வு. இது எனக்குக் கைவரும் என்ற உணர்வு. எனக்கு ஆட்கள் இருக்கிறார்கள் என்ற உணர்வு. அந்தத் திருவலைக்கு முன்னால் மூன்றும் இருந்தன. உன்னுடைய நாளை நீயே எடுத்துப் பார். கெட்டித்தனத்துக்குக் குறைவில்லை, அதனால்தான் இத்தனை வேகமாகப் பதவி உயர்வு. ஆனால் காலையிலிருந்து இரவு வரை உன் இட்டத்துக்குச் செய்யும் வேலை என்று எதைச் சொல்வாய்? ஒரு சனிக்கிழமை நீ வராவிட்டால் "எங்க காணேல்ல" என்று கேட்க அந்த ஊரில் யார் இருக்கிறார்கள்? எனக்குப் பதில் எழுத வேண்டாம், நீ யோசித்தால் போதும்.

இதோடு ஒன்று. இரண்டு கிழமைக்கு மேலாக நித்திரையும் சாப்பாடும் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் அது மனச்சோர்வு நோயாகவும் இருக்கலாம். காய்ச்சலுக்குப் போவதுபோல டொக்டரிடம் போ. அம்மாவின் கடிதம் அதற்கு மருந்தாகாது. இதை நான் படித்த படிப்பின் பேரில் சொல்கிறேன்.

இனி உண்மையில் எழுத வந்ததை எழுதுகிறேன்.

திங்கட்கிழமை றங்குப்பெட்டியைத் திறந்து உன் சோகிக் கொப்பியை எடுத்தேன். 2002 இல் சண்டை நின்று, உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் பயமில்லாமல் போகத் தொடங்கிய காலம். உனக்கு ஒன்பது வயது. கடற்கரையில் பொறுக்கிய ஒவ்வொரு சோகியையும் சிப்பியையும் கொப்பியில் வைத்துச் சுற்றி வரைந்து, எங்கே எடுத்தது, அன்றைக்குக் கடல் எப்படி இருந்தது, யார் கூட வந்தது என்று பொடி எழுத்தில் பக்கம் நிறைய எழுதுவாய். யாரும் சொல்லித் தரவில்லை. சல்லி என்ற ஊரில் ஒரு கரைவலைக்காரரிடம் பெயர் கேட்டு, அவர் சொன்னதை அழித்து அழித்துத் திருத்தியிருக்கிறாய்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. இதை இன்னும் வளர்க்க வேண்டும் என்று நினைத்து, ஒரு பக்கம் எழுதினால் ஐந்து ரூபா தருவேன் என்றேன். ஞாபகம் இருக்கிறதா? கொப்பியைப் பார்த்தாலே எந்தப் பக்கத்திலிருந்து காசு தொடங்கியது என்று தெரிகிறது. எழுத்துப் பெருத்துவிட்டது. கடல் எப்படி இருந்தது என்பது போய்விட்டது. ஒரு பக்கத்துக்கு ஒரு சோகி, இரண்டு வரி. ஒரே சோகியை இரண்டு தடவை வரைந்தும் இருக்கிறாய். பிறகு ஒரு மாதம் எனக்குக் காசு முடையாகி, இனி இல்லை என்று சொன்னேன். அதோடு வெறும் தாள்.

சுனாமியைக் கண்டு பயந்துதான் நீ கடற்கரையை விட்டாய் என்று இத்தனை வருசமாக நினைத்திருந்தேன், பெரியம்மாவிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். கடைசிப் பக்கத்தில் உள்ள திகதி 2003 ஆகஸ்ட். கடல் வந்தது 2004 டிசம்பர் 26. கடலில் பழியைப் போட்டது நான்.

அமெரிக்காவில் மார்க் லெப்பர் என்பவரும் இரண்டு சகாக்களும் 1973 இல் இதைப் பரிசோதித்து எழுதியிருக்கிறார்கள். பாலர் பாடசாலையில் படம் கீறுவதில் விருப்பமான பிள்ளைகள். ஒரு பகுதிக்கு, கீறினால் நாடா கட்டிய சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு பகுதிக்குச் சொல்லாமல் கடைசியில் கொடுத்தார்கள். மூன்றாவது பகுதிக்கு ஒன்றும் இல்லை. சில நாள் கழித்துப் பார்த்தால், பரிசுக்காகக் கீறிய பிள்ளைகள் மற்றவர்கள் கீறிய நேரத்தில் பாதியளவுதான் கீறினார்கள். சொல்லாமல் கொடுத்த பிள்ளைகளுக்கு ஒரு குறையும் வரவில்லை. ஆகப் பரிசு கெடுப்பதில்லை, பேரம்தான் கெடுக்கிறது. தனக்காகச் செய்ததை இன்னொருவருக்காகச் செய்யும் வேலையாக அது மாற்றிவிடுகிறது. நான் உன்னிடம் ஐந்து ரூபாவுக்கு அதை வாங்கினேன். பிறகு "முதலில் சோதனை, முதலில் கம்பஸ், முதலில் வேலை, மற்றதெல்லாம் பிறகு" என்று நாள் தவறாமல் சொன்னதும் நான்தான். சண்டைக்குள் பிள்ளை வளர்த்த எனக்கு அந்தப் பயம் இருந்தது. அதற்காக நான் சொன்னது சரியாகிவிடாது. நீ நான் சொன்ன ஒவ்வொரு படியும் ஏறி, மேலே நின்று "பிறகு" எங்கே என்று கேட்கிறாய். என்னை மன்னித்துக்கொள், மகள்.

சோகி பொறுக்கப் போ என்று நான் சொல்லவில்லை. அதையும் சொன்னால் மறுபடியும் நான் சொன்ன வேலையாகிவிடும்.

நேற்றுக் காலை நான் உப்புவெளிக் கரைக்குப் போனேன். முதல் நாள் கடல் கொந்தளித்து நிறைய ஒதுக்கியிருந்தது. ஒரு சோகி எடுத்து வந்தேன், பெருவிரல் நகமளவு. வெள்ளை முதுகு, மேலே மெல்லிய மஞ்சள் வளையம் ஒன்று, மோதிரத்தை வைத்து அழுத்தி எடுத்ததுபோல. உன் கொப்பியில் ஐந்தாம் பக்கத்தில் இதே அளவில் ஒன்று இருக்கிறது, ஆனால் அதற்கு வளையம் கீறவில்லை, முதுகும் கொஞ்சம் மேடு பள்ளமாக இருக்கிறது. இரண்டும் ஒரே சாதியா, வேறா? அந்தக் கரைவலைக்காரர் இப்போது இல்லை, இங்கே கேட்க ஆள் இல்லை. மேசையில் கொப்பிக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா
திருகோணமலை