சோப்பு காய்ச்சுறதுக்கு முன்னாடி

உச்சிப்புளி

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுறது. இங்க எல்லாரும் சுகம். நீ சோப்பு போடப் போறேன்னு போன்ல சொன்னதுலருந்து எனக்கு அதே நினைப்பு. 'காஸ்டிக் இல்லாத சோப்பு'ன்னியே, அப்படி ஒண்ணு கிடையாது தாயி. எண்ணெயும் காஸ்டிக் சோடாங்கிற கடுங்காரமும் கலந்து மாறினாத்தான் சோப்பு. கடையில விக்கிற சோப் பேஸ்ல அந்த வேலையை வேற யாரோ முடிச்சு வச்சிருக்காங்க, நீ உருக்கி அச்சுல ஊத்துற, அவ்வளவுதான். பேரன் தவழ்ந்து திரியிற வீட்டுக்கு அது போதும். ஆனா நீ கேக்க மாட்டே.

அரைக் கிலோ தேங்காய் எண்ணெய்க்கு 80 கிராம் காஸ்டிக் சோடா, 180 கிராம் தண்ணி. டம்ளர் கணக்கு ஆகாது, எல்லாமே தராசுல. அதே 80 கிராமை நல்லெண்ணெய்க்குப் போட்டா தோலை அரிச்சுடும். காய்ச்சி வடிச்ச தண்ணியே வாங்கிக்க. காஸ்டிக் டப்பாவைத் திறந்து வச்சா கடக்காத்து ஈரத்தைக் குடிச்சு நசநசன்னு ஆயிடும், அப்புறம் எடையே தப்பு.

தண்ணியிலதான் காஸ்டிக்கைக் கொஞ்சங் கொஞ்சமாப் போடணும். காஸ்டிக் மேல தண்ணிய ஊத்துனா கொதிச்சு மூஞ்சியில தெறிக்கும். போட்டதும் கலங்கும், பாத்திரம் கை வைக்க முடியாம சுடும், நெடி மூக்குல ஏறும். ஜன்னலைத் திறந்து வை. கண்ணுக்குக் கண்ணாடி, கைக்குக் கையுறை கட்டாயம். பாத்திரம் எவர்சில்வர்தான், அலுமினியத்துல ஊத்தவே கூடாது, பொங்கிடும். ஆறினதும் எண்ணெயில ஊத்தி, தோசை மாவுப் பதம் வர்ற வரைக்கும் கிண்டி அச்சுல ஊத்து. தேங்காய் எண்ணெய் சோப்பு சீக்கிரம் இறுகும், மறுநாள் வரைக்கும் விட்டா வெட்டுறப்ப உதிரும். வெட்டி நாலு வாரமாவது காத்தாட வை.

காஸ்டிக் மேல பட்டா வினிகர் தேடாதே. குழாயடியில கால் மணி நேரம் கழுவு. கண்ணுல பட்டா கழுவிட்டு உடனே ஆஸ்பத்திரி. மிச்ச காஸ்டிக்கைத் தண்ணி பாட்டில்ல மட்டும் ஊத்தி வைக்காதே, பய குடிச்சுடுவான். பூட்டி வை.

உப்புத் தண்ணியிலயும் நுரைக்கிறது தேங்காய் எண்ணெய் சோப்புதான். நம்ம கிணத்துத் தண்ணிக்கு எனக்கு ரெண்டு கட்டி எடுத்து வை. செக்கு எண்ணெய் பஸ்ஸுல கொடுத்து விடுறேன். அது சமையலுக்கு, சோப்புல கொட்டிடாதே.

அம்மா