பெரியகுளத்துக் கட்டில் உதவிய ஐயாவுக்கு

கடந்த ஞாயிறு மாலை மகளுடன் பெரியகுளத்துக்குப் போயிருந்தேன். திருகோணமலை நகருக்குப் பக்கத்தில் இவ்வளவு அடர்ந்த காடும் நீரும் இருப்பது நமக்குப் பெரிய கொடை. அருகிலுள்ள வெல்கம் விகாரையில் சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகளைப் பார்த்துவிட்டு, குளக்கட்டில் வெகுநேரம் நடந்தோம். திரும்பும்போது மோட்டார் சைக்கிளின் முன் சக்கரத்தில் காற்றே இல்லை.

தூண்டிலோடு இருந்த நீங்கள், நான் கேட்கும் முன்பே எழுந்து வந்தீர்கள். "தம்பி, பொழுது பட்டால் யானை தண்ணீருக்கு இறங்கும்" என்றபடி டியூபைக் கழற்றிக் குளத்து நீரில் அமிழ்த்தினீர்கள். சிறு குமிழிகள் வரிசையாக எழுந்தன. விடத்தல் முள். அதைப் பிடுங்கி மகளின் உள்ளங்கையில் வைத்து, உங்கள் சைக்கிள் பையிலிருந்த ஒட்டைப் போட்டு, கைப்பம்பால் காற்றடித்தீர்கள். நெற்றி வியர்வை சக்கரத்தில் சொட்டியது.

பணத்தைத் தொடவே மறுத்துவிட்டீர்கள். கரையில் யாரோ வீசியிருந்த பிளாஸ்டிக் போத்தல்களை மட்டும் எடுத்துப் போகச் சொன்னீர்கள். எடுத்துவந்தோம், ஐயா. பெரிய வீதிவரை பின்னாலேயே வந்தீர்களே, அந்த அவசரத்தில் பெயரைக்கூடக் கேட்கவில்லை, மனம் உறுத்துகிறது. அடுத்த ஞாயிறும் அதே இடத்துக்கு வருவோம். மகள் உங்களுக்காகப் பனங்கட்டி எடுத்து வைத்திருக்கிறாள். மிக்க நன்றி, ஐயா.