கண்ணாடி முதலில் தீக்காயப் பிரிவுக்கு வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விஆர் கண்ணாடி, அதாவது கண்ணை மறைத்து மாட்டிக்கொண்டால் நம்மைச் சுற்றி வேறோர் உலகத்தையே காட்டும் கருவி, என்றால் வணிக வளாகத்தில் காசு கொடுத்து மாட்டிக்கொள்ளும் விளையாட்டுப் பொருள் என்றே பலரும் நினைக்கிறார்கள். அரசு மருத்துவமனை ஒன்றின் தீக்காயப் பிரிவில் பல ஆண்டுகள் பிசியோதெரபிஸ்டாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். அந்தக் கண்ணாடி அங்கே அவசியம் வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

புண் ஆறிவிட்டால் வேதனை தீர்ந்தது என்று வீட்டார் நம்பிவிடுகிறார்கள். ஆறும் தோல் சுருங்கும். அக்குளில் வெந்த குழந்தையின் கையைத் தினமும் தலைக்கு மேல் உயர்த்தாவிட்டால் கை விலாவோடு இறுகிப்போகும். கழுத்தில் வெந்தால் தாடை நெஞ்சை நோக்கி இழுபடும். கொதிக்கும் சாம்பாரை மேலே கொட்டிக்கொண்ட ஒரு சிறுமி, என் செருப்புச் சத்தம் கேட்டதுமே கையை உடம்போடு ஒட்டிக்கொள்வாள். வலி மருந்து கொடுத்து, அது வேலை செய்யத் தொடங்கிய பிறகுதான் கையைத் தொடுவேன். அப்படியும் தோள் உயரத்தைத் தாண்டியதும் தழும்பு வெளுக்கும், அவள் அலறுவாள். அந்த வெளுப்பு தெரியும்வரை நீட்டிப் பிடித்தால்தான் பலன். பெற்ற தாயே என் கையைப் பிடித்துத் தடுப்பார். அவரை எப்படிக் குறை சொல்வது?

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஹண்டர் ஹாஃப்மன், டேவிட் பேட்டர்சன் ஆகிய உளவியலாளர்கள் 1990களிலேயே இந்த வலிக்கு ஒரு வழி கண்டார்கள். பின்னாளில் பெயர் பெற்ற அவர்களின் ‘ஸ்னோ வேர்ல்ட்’ என்ற விளையாட்டில் நோயாளி பனிப் பள்ளத்தாக்கில் மிதந்தபடி பென்குவின்கள் மீது பனிப்பந்து வீசுவார். 2000இல் வெளியான அவர்களது ஆய்வில், தீக்காயம்பட்ட 12 பேர் 3 நிமிடம் கண்ணாடி இல்லாமலும் 3 நிமிடம் கண்ணாடியோடும் கைகால் பயிற்சி செய்தார்கள். கண்ணாடி மாட்டியிருந்தபோது வலி குறைந்ததாக அத்தனை பேரும் சொன்னார்கள். வலியை உணரவும் கவனம் வேண்டும். அந்தக் கவனத்தை விளையாட்டு வாங்கிக்கொள்கிறது. வலி மருந்தும் தொடர்ந்து வேண்டும், அதை நிறுத்திவிட்டுக் கண்ணாடியை மாட்டுவது கொடுமை.

அன்று இதற்கு விலை உயர்ந்த கணினியும் கனமான தலைக்கவசமும் தேவைப்பட்டன. இன்றைய கண்ணாடியை ஒரு நல்ல கைப்பேசியின் விலைக்கே வாங்கலாம். பென்குவின்தான் வேண்டும் என்பதும் இல்லை. எட்டி எட்டி மாங்காய் பறிக்கும் ஒரு விளையாட்டை நம் பொறியியல் கல்லூரி மாணவர்கள் உருவாக்கித் தந்தால், பிள்ளை தானாகவே கையை உயர்த்தும். முகத்தில் புண் உள்ளவர்களுக்குக் கண்ணாடி ஒத்துவராது. சிலருக்குத் தலைசுற்றலாம்.

எனவே சுகாதாரத் துறை, தீக்காயப் பிரிவு உள்ள ஒவ்வொரு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் பயிற்சி அறைக்கென ஒரு கண்ணாடியாவது வாங்கித் தர வேண்டும். ஒவ்வொரு நோயாளிக்குப் பிறகும் கிருமிநாசினியால் துடைத்து வைக்கவும், பிள்ளையோடு பொறுமையாக உட்காரவும் பயிற்சி பெற்ற ஓர் ஆளையும் சேர்த்தே நியமிக்க வேண்டும். ஆள் இல்லாமல் கருவி மட்டும் வந்தால் அது பீரோவில் பூட்டிக் கிடக்கும்.

– ஓய்வுபெற்ற பிசியோதெரபிஸ்ட், தஞ்சாவூர்