அன்று இரவு என்னைத் தேடி வந்தவர்களுக்கு

கோத்தகிரி மலையில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்கான எங்கள் லைன் வீடுகளில் இருக்கும் மாமா, அத்தை, அண்ணன், அக்கா எல்லோருக்கும் வணக்கம்.

இந்த நன்றியை நேரில் சொல்லத்தான் நான்கு வருடமாக நினைத்தேன். லீவுக்கு வரும்போதெல்லாம் வாசல் வரை வருவேன். "வா, டீ குடிச்சிட்டுப் போ" என்பீர்கள். கொழுந்து விலை, மழை, கரடி வந்துபோன கதை என்று பேச்சு வேறு பக்கம் போய்விடும். அதனால் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

அப்போது எனக்குப் பதினாறு வயது, பிளஸ் ஒன். விடியற்காலையில் புல் மேல் உறைபனி படியும் டிசம்பர் மாதம். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் என் உயிர்த்தோழி என்னைக் கிண்டல் செய்தாள். நாலைந்து பேர் சிரித்தார்கள். அவள் எனக்கு மட்டும் நம்பிச் சொல்லியிருந்த ஒரு விஷயத்தை எடுத்து அப்படியே குழுவில் போட்டுவிட்டேன். "கை பட்டுவிட்டது" என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். கை படவில்லை. தெரிந்துதான் போட்டேன். மூன்று நிமிடத்தில் அழித்தேன், ஆனால் அதற்குள் எல்லோரும் பார்த்துவிட்டார்கள். அவள் அம்மா எங்கள் அப்பாவுக்குப் போன் செய்தார். அப்பா சத்தம் போட்டார். நான் போனைக் கட்டில்மேல் எறிந்துவிட்டு, ஸ்வெட்டர்கூடப் போடாமல் வெளியே இறங்கிவிட்டேன்.

எங்கே போவது என்ற நினைப்பே இல்லை. தேயிலைக்குள் இறங்கி, சோலை ஓரமாகவே நடந்தேன். இருட்டும் மேகமும் ஒன்றாக இறங்கின. கான் இருப்பது தெரியாமல் கால் வைத்துவிட்டேன். (மலைக்கு வெளியே இருந்து படிப்பவர்களுக்கு: தேயிலைச் சரிவில் மழைத்தண்ணீர் வடிய வெட்டும் வாய்க்காலைத்தான் கான் என்போம்.) கணுக்கால் உடைந்தது. கத்தினேன். கொஞ்ச நேரத்தில் கத்தக்கூடத் தெம்பில்லை.

எட்டு மணிக்கெல்லாம் நீங்கள் டார்ச்சும் தகர டின்னுமாகக் கிளம்பிவிட்டீர்கள் என்று அப்பாயி பிறகு சொன்னார். பகல் முழுக்கக் கொழுந்து பறித்துவிட்டு வந்த கை, கால். மறுநாளும் வேலை உண்டு. ஒரு வார்த்தை பேசாமல் இறங்கியிருக்கிறீர்கள். அப்பாயி, இலங்கையில் இருந்த மலையகத் தமிழர்களைப் பற்றி இந்தியாவும் இலங்கையும் 1964இல் போட்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து பெட்டியும் பிள்ளையுமாகக் கப்பல் ஏறி வந்தவர். எதற்கும் சட்டென்று கண் கலங்குகிறவர் இல்லை. அன்று இரவைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் இன்னும் குரல் உடைகிறது.

வேட்டைத் தடுப்புக் காவலர் அண்ணனுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். எல்லோரும் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே டின் தட்டியதால் என் முனகல் யாருக்கும் கேட்கவில்லை. நீங்கள்தான் எல்லோரையும் நிறுத்தி, டார்ச்சை அணைக்கச் சொல்லி, "காது கொடுத்துக் கேளுங்க" என்றீர்களாம். அந்த அமைதி எனக்குக் கீழே கேட்டது. சத்தம் நின்றதும் எல்லோரும் திரும்பிப் போய்விட்டார்கள் என்று பயந்து, இருந்த தெம்பையெல்லாம் சேர்த்து ஒருமுறை "அப்பா" என்றேன். உடனே உங்கள் குரல் வந்தது: "எந்திரிக்காத பாப்பா. மேல காட்டுமாடு நிக்குது. அங்கேயே இரு, பேசிக்கிட்டே இரு." நீங்கள் என்னிடம் என்ன சாப்பிட்டாய், எந்த வகுப்பு, டீச்சர் யார் என்றெல்லாம் கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். காட்டுமாடு விலகிப் போக அரை மணி நேரம் ஆகியிருக்கும். அந்த அரை மணி நேரத்தில் ஏன் வந்தாய் என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

அண்ணன்மார் தூக்கி வந்தபோது அத்தை ஒருவர் தலையில் மடித்துப் போட்டிருந்த கம்பளியை உருவி எனக்குச் சுற்றினார். தேயிலைக் கறையும் விறகுப் புகையும் கலந்த வாசம். ஆஸ்பத்திரி வரை அதற்குள்தான் மூக்கை வைத்திருந்தேன்.

இன்னொன்றுக்கும் நன்றி. பெண் பிள்ளை இருட்டியபிறகு வீட்டில் இல்லை என்றால் ஊர் என்ன பேசும் என்று நமக்குத் தெரியும். அப்படி ஒரு சொல் எங்கள் லைனிலிருந்து கிளம்பவில்லை. கிளம்பவிடாமல் யார் யார் தடுத்தீர்கள் என்பது எனக்குத் தெரியும். பிளஸ் டூவை அதே பள்ளியில் தலை நிமிர்ந்து முடித்தேன் என்றால் அதனால்தான்.

ஆஸ்பத்திரியில் வளரிளம் பருவத்தினருக்கு ஆலோசனை சொல்லும் அக்காவிடம் அனுப்பினார்கள். அதுவரை வந்தவர் போனவர் எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: "ஏம்மா இப்படிச் செஞ்ச?" எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை. தெரியவில்லை என்றால் திமிர் என்றார்கள். அக்கா, நீங்கள் மட்டும் "என்ன நடந்துச்சு, வரிசையாச் சொல்லு" என்றீர்கள். சொன்னேன். மறுபடி சொல்லு என்றீர்கள். மூன்றாம் தடவை சொல்லும்போதுதான், "அப்ப காது சூடாச்சு" என்று என் வாயிலேயே வந்தது. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "எப்ப? அனுப்புறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்றீர்கள். முன்னாடி. அவர்கள் சிரித்தபோதே. அப்பா கத்தியபோதும் முதலில் காதுதான் சூடானது, அதற்குப் பிறகுதான் நான் எழுந்தேன். பதினாறு வருடம் என்னோடு இருந்த காது, அன்றைக்குத்தான் அதைக் கவனித்தேன்.

மூளையில் உணர்ச்சியைக் கிளப்பும் பகுதிகள் முந்திக்கொள்கின்றன, நெற்றிக்குப் பின்னால் இருந்து நிறுத்தி யோசிக்கும் பகுதி இருபதுகளின் நடுவரை முதிர்ந்துகொண்டே இருக்கிறது என்று படம் போட்டுக் காட்டினீர்கள். அமெரிக்காவில் 2005இல் வெளிவந்த ஓர் ஆய்வையும் சொன்னீர்கள்: கார் ஓட்டும் கணினி விளையாட்டில், நண்பர்கள் பக்கத்தில் இருக்கும்போது பதின்வயதுப் பிள்ளைகள் தனியாக ஆடும்போதைவிட அதிக ஆபத்தை இழுத்துக்கொண்டார்கள், பெரியவர்களிடம் அந்த மாற்றம் தெரியவில்லை. வகுப்பே பார்த்துக்கொண்டிருந்த அந்தக் குழு எனக்கு ஞாபகம் வந்தது. "இதைச் சாக்காச் சொல்லிக்கக் கூடாது, உன் தோழிகிட்ட நீதான் போய்ப் பேசணும்" என்றும் சொன்னீர்கள். அது ரொம்ப முக்கியம்.

போனேன். அவள் உடனே மன்னிக்கவில்லை. மன்னிக்கவும் கூடாது. ஆனால் நான் கட்டோடு கிடந்த ஆறு வாரமும் பாட நோட்டை எழுதிக் கொடுத்தனுப்பினாள். அதற்கு எப்படி நன்றி சொல்வது என்று இன்றைக்கும் தெரியவில்லை.

ஜீப் மாமாவுக்கு: கல்லூரிக்கு நீங்கள்தான் கொண்டுவந்து விட்டீர்கள். மேட்டுப்பாளையம் இறக்கத்தில், "ஏறின கியர்லயேதான் இறங்கணும். பிரேக்கையே மிதிச்சுக்கிட்டு வந்தா சூடேறி, வேணும்கிற நேரத்துல பிடிக்காது. வளைவுக்கு முன்னாடியே மெதுவாகிடணும்" என்று வண்டியைப் பற்றித்தான் பேசினீர்கள். நான் என் காதைப் பற்றி நினைத்துக்கொண்டு வந்தேன்.

இப்போது நர்சிங் மூன்றாம் வருடம். போன மாதம் வார்டில், நான் செய்யாத தவறுக்கு எல்லோர் முன்னாலும் திட்டு விழுந்தது. காது சூடானது. கை கழுவும் தொட்டிக்குப் போனேன். சோப்புப் போட்டு முறையாகக் கழுவ 40 முதல் 60 விநாடி ஆகும் என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். முழுசாகக் கழுவினேன். அப்புறம் வந்து, நடந்ததை வரிசையாகச் சொன்னேன்.

லைனில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கு: மனசு கொதிக்கும்போது பேச ஆள் இல்லை என்றால் குழந்தைகளுக்கான உதவி எண் 1098க்கோ, 2022 அக்டோபரில் தொடங்கிய மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416க்கோ எந்த நேரமும் கூப்பிடலாம். என்னையும் கூப்பிடலாம், நைட் டியூட்டி என்றாலும் பரவாயில்லை.

அப்பா, அன்று இரவு கானுக்குள் முதலில் குதித்தது நீங்கள்தான். செருப்பு இல்லாமல் வந்திருந்தீர்கள். டார்ச் வெளிச்சத்தில் பார்த்தேன்.

பொங்கலுக்கு வருகிறேன். அத்தை, உங்கள் கம்பளியைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். இந்தத் தடவை மறக்காமல் கொண்டுவந்து கொடுத்துவிடுகிறேன்.

உங்கள் லைன் பிள்ளை